பாலச்சந்திரனின் பின்சீற்று

"இந்தச் சம்பந்தம் சரிவராது, தங்கச்சி. குறை நினையாதேங்கோ" என்ற பாலச்சந்திரன், அதே மூச்சில் கார்த் திறப்புக் கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். "காரின்ரை பின்சீற்றுத் தோல் கொஞ்சம் வெடிச்சுப்போய்க் கிடக்கு. பின்னேரத்துக்குள்ளை செய்து தருவியள்தானே?"

கோசலைக்கு முதலில் விளங்கவேயில்லை. அவள் மகள் நிரோஜினியும் இவருடைய மகன் கிருஷாந்தும் நாலு வருடமாய் விரும்புகிறார்கள். மனிதர் சம்மதம் சொல்லத்தான் வருகிறார் என்று விடியவே எழும்பி வடை சுட்டு வைத்திருந்தாள். வந்தவர் இரண்டு வடையைத் தின்றுவிட்டுப் பெண் வேண்டாம் என்கிறார். அதோடு சீற்றும் செய்து தரவேண்டுமாம்!

ஆவணி வெயிலிலும் கறுப்புக் கோட்டும் டையுமாய்த்தான் இருந்தார். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அவரைத் தெரியாதவர் இல்லை. லா டெஃபான்ஸில் பெரிய பீரோவில், அதாவது பிரெஞ்சுக்கார அலுவலகமொன்றில், பெரிய வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சொன்னா உங்களுக்கு விளங்காது" என்பார். அவ்வளவு பெரிய வேலை.

"ஏன் அண்ணை சரிவராது?"

"வெளிப்படையாக் கதைக்கிறன். நான் பீரோவிலை இருக்கிறவன். நீங்கள் வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு ஊரார் குந்தின கார்ச் சீற்றுக்குச் சாயம் பூசுறனீங்கள். ஒரு சபை சந்தியிலை உங்களை ஆரெண்டு சொல்லுறது? உங்களுக்கு அளவா, ஒரு டாக்சிக்காரன் வீட்டிலை பாத்துச் செய்யுங்கோவன்."

கோசலையின் கணவர் தவரத்தினம் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்த மனிதருக்கு யார் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் தெரியும். அறைக் கதவுக்குப் பின்னால் நிரோஜினி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி, சீற்றுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டாள் கோசலை.

"நாளைக்கு செவ்ரானிலை ஒரு பெரிய இடத்துப் பொம்பிளை பாக்கப் போறம். அவையளைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு ரூ பஜோல் கோயிலுக்கு வரவேணும். சம்பந்தம் இல்லாட்டிலும் ஊர்ச்சனம்தானே, இதைக்கூடச் செய்து தரமாட்டியளோ?"

சீ, என்ன மனிதன்! சூடு சொரணை ஏதாவது இருந்தால் இதைக் கேட்க வாய் வருமா? கோசலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தவரத்தினம் ஓடிப்போய், கீழே நின்ற காரின் பின்சீற்றைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவ்வளவு மரியாதை.

கோசலை சீற்றைப் பார்த்தாள். வலப்பக்கம் மட்டும் தோல் தேய்ந்து, வெடித்து, வெளிறிக் கிடந்தது. இடப்பக்கமோ நேற்றுத்தான் வாங்கியதுபோல் பளபளத்தது.

"பின்னுக்கு ஆர் அண்ணை இருக்கிறவை?"

"ஒருதருமில்லை. நான் தனியத்தான் பீரோவுக்குப் போய் வாறனான். மனிசிக்குக் காரிலை ஏறினாலே தலைசுத்திச் சத்தி வரும். அது வெயில் பட்டு வெடிச்சிருக்கும்."

"ஓம் ஓம், வெயில்தான்" என்றாள் கோசலை. "பின்னேரம் வாங்கோ."

ரூ காய் தெருக் கடையில் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னவர், போகிற போக்கில் இன்னொரு வடையையும் எடுத்துக்கொண்டு போனார்.

கோசலை சவர்க்காரத் தண்ணீரும் பிரஷ்ஷுமாய் உட்கார்ந்தாள். ஊத்தையை எடுத்து, பிசுக்கைத் துடைத்து, வெடிப்புகளுக்குள் பசை நிரப்பித் தேய்த்தாள். பிறகு கறுப்புச் சாயத்தை ஸ்பொஞ்சில் தொட்டுப் பூசத் தொடங்கினாள்.

நிரோஜினி வீங்கிய கண்ணோடு வெளியே வந்தாள். "மே நோன், வேண்டாம் அம்மா! எங்களை இவ்வளவு கேவலமாக் கதைச்ச ஆளுக்கு ஏன் செய்யிறியள்? உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"பொறு பிள்ளை. நீ தலை காயவைக்கிற மெசினை எடுத்துக்கொண்டு வா. இந்தப் பூச்சுக் காயவேணும்."

பின்னேரம் பாலச்சந்திரன் வந்தார். சீற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. ஆனாலும் அந்த வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்று வருமா?

"பரவாயில்லை. வெள்ளைக்காரன் செய்திருந்தா இன்னும் திறமா இருந்திருக்கும்."

"வலப்பக்கத்துக்கு ரெண்டு பூச்சுக் கூடப் போட்டிருக்கிறன் அண்ணை. சனம் ஏறி இறங்கிற பக்கமெல்லோ."

"எந்தச் சனம்?"

"நடைபாதைப் பக்கத்தாலை ஏறுற சனம். பத்து வருசமா இந்த வேலை செய்யிறன். வீட்டுக் காரெண்டால் முன்சீற்றுத்தான் முதல் தேயும். பின்னுக்கு வலப்பக்கம் மட்டும் தேஞ்சு வாற கார் ஆற்றை கார் எண்டு எனக்குத் தெரியாதோ? போனிலை கூப்பிட்டால் வாற கார் ஓடுறவையும் இப்பிடித்தான், கறுப்புக் கோட்டும் டையுமா வருவினம்."

பாலச்சந்திரன் டையைத் தளர்த்தினார். வாசல் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, காலையில் கணீரென்று முழங்கிய குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லக் கதையுங்கோ, தங்கச்சி... மனிசிக்கும் தெரியாது."

தவரத்தினம் வழக்கம்போலத் தலையாட்டினார். நிரோஜினி அறை வாசலில் வந்து நின்றாள். கோசலை சாயக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, கார்த் திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்கள் சொன்னபடியே செய்யிறம், சம்பந்தி. டாக்சிக்காரன் வீட்டிலைதான் பிள்ளையைக் குடுக்கிறம்."