பெயின்ட் வாளியில் கத்தரிக்காய்

"வாளியை விடுங்க" என்றேன்.

வாட்ச்மேன் விடவில்லை. விடவும் முடியாது, பாவம். அவருக்குப் பின்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். செயலாளருக்கும் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கி, என் வீட்டுக்காரர்.

வாளியின் விளிம்பு ஒரு பக்கம் வாட்ச்மேன் பிடியில், மறுபக்கம் என் பிடியில். நாங்கள் இழுத்த இழுப்பில் நடுவில் இருந்த கத்தரிச் செடி ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு காய், முதல் காய்.

அதைப் பறிக்கத்தான் கையில் கத்தியோடு மாடிக்கு வந்தேன். வந்து பார்த்தால் ஒரு பட்டாளமே நிற்கிறது.

"மாடி பொது இடம்மா. தண்ணி ஊத்தி ஊத்தித் தளமே ஊறிப்போச்சுன்னு புகார் வந்திருக்கு. இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்தாகணும்" என்றார் செயலாளர்.

இந்தத் தளத்துக்கு நேர் கீழே இருப்பது என் வீடு. ஒழுகினால் என் தலையில்தான் ஒழுகும். நான் புகார் கொடுக்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், அவளும் கொடுத்திருக்க மாட்டாள். வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தேன். அவர் சட்டென்று வானத்தைப் பார்த்தார், என்னவோ மழை வருமா வராதா என்று இவரைக் கேட்டுத்தான் முடிவு செய்யப் போகிறார்கள் என்பது போல.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. நேருக்கு நேர் சொல்லியிருந்தால் கூட இவ்வளவு எரிந்திருக்காது.

எப்படிச் சேர்த்த தோட்டம் இது! கத்தரி இருக்கும் பெயின்ட் வாளி, பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் விட்டுப்போனது. கொத்தமல்லிக்கு, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குளித்த தொட்டி. தக்காளிக்கு அரிசிச் சாக்கு. மிளகாய்க்கு வீட்டுக்காரர் தூக்கிப் போட்ட ஹெல்மெட். அவர் தலையில் இருந்தவரை ஒன்றும் விளையவில்லை, இப்போதுதான் அதற்குள் ஏதோ விளைகிறது.

விதைக்குக்கூட நான் கடை ஏறவில்லை. வீட்டில் முற்றிப் பழுத்துக் கிடந்த கத்தரிக்காயைப் பிளந்து எடுத்துக் காயவைத்தேன். உரத்துக்கோ எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. அடுப்புக்குப் போவதைவிட உரச் சட்டிக்குப் போவதுதான் அதிகம்.

முதல் தடவை வாளியின் அடியில் ஓட்டை போடத் தெரியாமல் செடி வேரோடு அழுகிப் போனது. வீட்டுக்காரர் அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அடுத்த தடவை கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டேன். அதற்கும் சிரித்தார். செடி பூவிட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

அவர் மட்டுமா? கட்டடமே என்னைக் கழன்ற கேஸ் என்றுதான் நினைக்கிறது. துணி காயப்போட வரும் கீழ்வீட்டு அக்கா, "உனக்குப் போய் இது எதுக்குடி?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

செயலாளர் குரலை இறக்கினார். "ஒரு கத்தரிக்காய்க்காக இவ்வளவு சண்டையா? உங்களுக்கு என்னம்மா குறைச்சல்?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க. அதோ, மேகத்தை எண்ணிக்கிட்டு நிக்கிறாரே."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. செயலாளரைத் தள்ளாத குறையாக முன்னால் வந்தார்.

"காய்கறிக் கடைக்காரன் பொண்டாட்டியே மாடியில காய் போட்டா, என் கடைக்கு எவன் வருவான்?"

தெருமுனையில் இருக்கும் பெரிய காய்கறிக் கடை எங்களுடையதுதான். விடிந்ததும் தண்ணீர் தெளித்து, துடைத்து, பளபளவென்று அடுக்கி வைப்பார். வருகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். கடை சாத்தும்போது கூடையின் அடியில் எது கிடக்கிறதோ, அது எங்கள் வீட்டுக்கு வரும். வெடித்த தக்காளி, நாரேறிய வெண்டை, அழுகியும் அழுகாமலும் கீரை.

நல்லதில் ஒன்றைத் தொட்டால் போதும். "அது விக்கிற காய், வை" என்பார். மசக்கையில் ஒரு பிஞ்சு வெண்டைக்காயைப் பச்சையாகக் கடிக்க ஆசைப்பட்டுக் கடை வாசலில் போய் நின்றேன். அப்போதும் அதையேதான் சொன்னார்.

"இது விக்கிற காய் இல்ல" என்றேன். "இது நான் திங்கிற காய்."

செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மறுபடியும் வானத்தைப் பார்த்தார். வாட்ச்மேன் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் வாளியைத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு, சரிந்த மண்ணையும் கையால் அணைத்துவிட்டார்.

காயைப் பறித்தேன். அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், அதன் மேல் கத்தியை வைத்தேன்.

பழக்க தோஷம். கை தானாகவே காயைத் திருப்பித் திருப்பி, வெட்டி எறிய வேண்டிய இடத்தைத் தேடியது.

அப்படி ஓர் இடம் இல்லவே இல்லை.