இரண்டா, மூன்றா

அது உள்ளே இறங்கவில்லை.

கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

மெமரி அட்டையின் அடியில் ஒரு வெட்டு. அதைச் செருகும் இடத்தில் ஒரு சின்ன மேடு. இரண்டும் நேராக வரவில்லை.

பழைய கம்ப்யூட்டர், இறுகியிருக்கும் என்று நினைத்தான்.

அவன் மனைவி செண்பகவல்லி அடுப்படியில் இருந்தாள். வீட்டிலேயே உட்கார்ந்து டைப் செய்து, பக்கம் அமைத்துக் கொடுப்பவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். இப்போது முதல்முறையாக ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் வந்திருந்தது. நூற்றிருபது பக்கம். புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு படம் வைக்கும்போதும் கம்ப்யூட்டர் நின்றுபோனது.

மெமரி கூட்டினால் போதும் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவன் கடைக்குக் கிளம்பியபோதும் ஒன்று சொன்னாள். பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோகச் சொன்னாள்.

அவன் வயர்மேன். கோவில்பட்டியில் எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்தவன். கையில் மாதிரியைப் பிடித்துக்கொண்டு கடையில் போய் நிற்பதா?

வெறுங்கையோடு போனான்.

"டிடிஆர் டூவாண்ணே, த்ரீயா?" என்று கடைக்காரர் மெமரியின் ரகத்தைக் கேட்டார்.

அவனுக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"த்ரீதான்" என்றான். இரண்டைவிட மூன்று நல்லதாகத்தானே இருக்கும்.

இப்போது இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அழுத்தினான்.

சடக்கென்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டான்.

அந்தக் கருகல் வாடையை அவனுக்கு நன்றாகத் தெரியும். தொழிலில் எத்தனையோ முறை முகர்ந்தது.

செண்பகவல்லி ஈரக்கையோடு வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். புது அட்டையை உருவி, பழையதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்றின் வெட்டு ஓர் இடத்தில் இருந்தது. மற்றதன் வெட்டு வேறிடத்தில்.

குனிந்து உள்ளே பார்த்தாள். மேடு உடைந்து கிடந்தது.

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செய்த வேலையெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க் தப்பியிருந்தது. அதைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெபராணியின் டி.டி.பி. சென்டருக்குக் கிளம்பினாள். கல்யாணத்துக்கு முன்பே செண்பகவல்லி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. வயிறு திறந்தபடி மேஜைமேல் கிடந்தது.

அவனும் செருப்பை மாட்டினான்.

வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

கருகிப்போன மதர்போர்டுக்கு மாற்று ஒன்றைத் திருநெல்வேலியில் தேடினான். மதுரையில் தேடினான். அந்த போர்டெல்லாம் இப்போது வருவதில்லை என்றார்கள். புதுசாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்றான்.

"பாப்போம்" என்றாள்.

ஆண்டு மலர் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. வேலையைப் பார்த்த ஜெபராணி, அவளை அங்கேயே வேலைக்கு வந்துவிடச் சொன்னாள்.

"திங்கக்கெழமையிலருந்து போறேன்" என்றாள் அவனிடம்.

அவனைக் கேட்கவில்லை.

அடுத்த மாதம், அந்த சென்டருக்குப் பக்கத்துத் துணிக்கடையில் போர்டு லைட் எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறினான். அங்கிருந்து சென்டரின் கண்ணாடிக் கதவு தெரிந்தது.

உள்ளே செண்பகவல்லி.

விரல்கள் ஓடின. ஒரு படம் வந்து உட்கார்ந்தது. உடனே அடுத்தது. உடனே அடுத்தது. பக்கத்து இருக்கைக்காரி ஏதோ சொல்ல, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள்.

அவள் இவ்வளவு வேகமா?

டெஸ்டரைப் பிடித்தபடி ஏணியிலேயே நின்றான்.

வீட்டில், ஒவ்வொரு படத்துக்கும் நடுவில், கைகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஓய்வெடுக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான்.