இயக்குநர் கையில் ஒரு குடம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: மானுடம் இன்று இன்னொரு படி ஏறியது. அணு உலையின் நீராவியை நிலக்கரித் தீயில் மறுபடியும் சூடேற்றி, அதே யுரேனியத்தில் கூடுதல் மின்சாரம் எடுக்கும் உலகின் தூய்மையான நிலையம் திறக்கப்பட்டது.

அந்தத் தூய்மையின் புகை நேராக அமலோற்பவத்தின் வீட்டுக்குள் வந்தது. அவளுக்கோ அது சாம்பிராணியாய் மணத்தது. போன வருடம் அவள் சூரை மீனை மாசிக் கருவாடாக்கி விற்கப் போட்ட புகையின்மேல் புகார் கொடுத்தவர் நிலைய இயக்குநர் சந்தானகோபாலன். புகைச் சட்டப்படி, புகார் கொடுத்தவர் பார்த்திருக்க, நெருப்புக்கு உரியவரே தண்ணீர் ஊற்றி அணைக்கவேண்டும். அவள் அணைத்தாள். தொழிலும் சேர்ந்து அணைந்தது.

இம்முறை புகார் அவளுடையது. குடத்தையும் அவளே சுமந்து போனாள்.

"அம்மா, இது நாட்டுக்கான நெருப்பு" என்றார் இயக்குநர்.

"என்னோடது வயித்துக்கான நெருப்பு சாரே. ஊத்துங்க. அன்னைக்கு நான் ஊத்தும்போது நீங்க சிரிச்சிய. இன்னைக்கு நான் சிரிக்கணும்லா?"

முதல் குடத்தை அவர் ஊற்றினார். மிச்சத்தைத் தீயணைப்பு வண்டி ஊற்றியது. அமலோற்பவம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மின்சாரம் குறைந்ததால் அன்று மாலையே மின்வெட்டு அறிவித்தார்கள். அவள் தெருவுக்கு மட்டும்.