கைப்பிடிக் கண்ணாடி

செலவைக் குறைக்கப் பெரிய காரை விற்றுவிட்டு, என் முழங்கால் முகவாயில் இடிக்கும் சின்னக் காரை வாங்கியிருந்தேன். ஏசி கிடையாது. கல்யாண மண்டப வாசலில், கிளம்பும் நேரத்தில், மைத்துனர் சிங்காரவேல் என் மனைவி பக்கத்து ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

“மாப்ளே, இது சாவி குடுத்தா ஓடுற பொம்மையா? செண்பகம், நீயாவது அண்ணன் வண்டில காலை நீட்டி உக்காந்து வாம்மா.”

நான் வழக்கம்போல் சிரித்து மழுப்பினேன். செண்பகம் அண்ணனைப் பார்த்தபடியே கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி கிறீச்சிட்டு, அவசரமில்லாமல் ஏறியது. அவர் தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

“வண்டிய எடுங்க.”

சித்திரை வெயில். இரண்டாவது தெருவிலேயே அவள் பட்டுச்சேலை நனைந்துவிட்டது. ஆனாலும் கண்ணாடியை இறக்கவில்லை. நானும் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன். பின்சீட்டில் பிள்ளைகளும் ஏற்றினார்கள்.