அலமாரிக் கதவு

இடுப்பளவுக் கடலில் நின்று, தானே செய்த படகின் பின்முனையைத் தம்பி பிடித்திருக்கிறான். அக்கா உள்ளே காலை நீட்டி, மூச்சுவிடவும் யோசித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். காலை வெயில் புது வார்னிஷில் வழுக்குகிறது. அலை தட்டும்போதெல்லாம் எங்கோ ஒரு பலகை முனகுகிறது. "படகை நம்புக்கா. இடுப்ப லூசா விடு." நம்பத்தான் பார்க்கிறாள். ஆனால் முழங்கால்களுக்கு நடுவே, காசளவு வட்டமாக, பசை வைத்து அடைத்த ஓர் இடம். "இது என்னடா?" "டிசைன்க்கா." குனிந்து முகர்கிறாள். வார்னிஷுக்கு அடியிலிருந்து மெல்ல அந்துருண்டை வாசம் வருகிறது. ரிப்பேர் பண்ணித் தருகிறேன் என்று போன மாதம் அவன் தூக்கிக்கொண்டு போன அலமாரிக் கதவு இன்னும் வீடு திரும்பவில்லை. பூட்டு இருந்த ஓட்டையும் இதே அளவுதான். அவள் கட்டைவிரல் தானாகப் போய் அதை அழுத்திக்கொள்கிறது. "டேய், என் கதவு எங்கடா?" "முதல்ல துடுப்ப ரெண்டு கையாலயும் பிடி." "அப்ப இத யாரு பிடிக்கிறது?" "நான்தான் படகையே பிடிச்சிருக்கேனே!" அந்தக் குரல் முன்பைவிடத் தள்ளியிருந்து வருகிறது.