பெரிய எழுத்து மோட்

கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்துத்தான் கணினியில் நான் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் அதை எந்த மோடில் திறப்பதென்று தீர்மானிக்கும். பார்வை மங்கிய என் தம்பி திரையில் மூக்கு உரசத்தான் படிப்பான். அதனால் ‘தம்பி’ என்று முடியும் கோப்புகளுக்கு மட்டும் பெரிய எழுத்து மோட் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவன் இறந்த பிறகு அந்த விதியை அழித்தேன். மறுநாள் என் கோப்புகளெல்லாம் பெரிய எழுத்தில் திறந்தன. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது.

“விட்டுடேன், உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?” என்றார் கணவர்.

“நான் அவனுக்கு அக்கா. ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.”

எடிட்டரையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். இன்று காலை எழுத்துகள் பழையபடி சின்னதாக வந்தன. ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் வரியின் மேல், மூச்சு பட்டதுபோல் திரை மங்கியது. துடைத்தேன்.

இரண்டாம் வரி மங்கியது.