உட்காராதீங்க டாக்டர்

ஆபரேஷன் அறைக்கு வெளியே, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த டிவியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"பொய் அழுகை," என்றார் அண்ணி. "கண்ணு கலங்குறதுக்கு முன்னாடியே கை முகத்துக்குப் போயிடுச்சு பாரு."

உள்ளே என் அண்ணன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. "நாடகம் படிச்சாலும் படிச்சீங்க, எதையுமே நிம்மதியா பார்க்க விடமாட்டேங்கிறீங்க அண்ணி."

கதவு திறந்தது. இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். முகத்தில் பதற்றமே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டார். ஒரு நாற்காலியை அண்ணியின் பக்கத்தில் இழுத்தார்.

"உட்காராதீங்க டாக்டர்," என்றார் அண்ணி. "நின்னுக்கிட்டே சொல்லுங்க. போற போக்குல சொல்லிட்டுப் போங்க. உங்க கால்ல வேணா விழுறேன், உட்கார மட்டும் செய்யாதீங்க."

அவர் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார்.

"உட்கார்ந்தா என்ன அண்ணி?" என்றேன்.

டாக்டர்தான் பதில் சொன்னார். "போன வருஷம் இவங்க எங்க மெடிக்கல் காலேஜுக்கு வந்து, புருஷனைப் பறிகொடுத்த மனைவியா நடிச்சாங்க. சாவுச் செய்தியை எப்படிச் சொல்லணும்னு எங்களைப் பழக்கினது இவங்கதான். முதல்ல போனை அணைக்கணும், பக்கத்துல உட்காரணும், அப்புறம்தான் வாயைத் திறக்கணும்னு..."



"சரியாத்தான் செஞ்சீங்க," என்றார் அண்ணி.

கண்ணீர் வழிந்து தாடையிலிருந்து சொட்டியது. கை மடியிலேயே கிடந்தது.